கடலோரத்தில் ஓடும் பழைய வேனுக்கு ஜன்னல் கண்ணாடி: டஃபண்டா, அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

மஞ்சக்குப்பம் வேன்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் பழைய சிற்றுந்து ஒன்றை வாங்கி, அதன் பாடியைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். பள்ளி நாள்களில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும், விடுமுறை நாள்களில் புதுச்சேரிக்கும் பிச்சாவரத்துக்கும் குடும்பங்களை அழைத்துச் செல்லவும் அதைப் பயன்படுத்தும் எண்ணம். வண்டியின் முந்தைய உரிமையாளர் அதைத் தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிய திறந்தவெளியில்தான் நிறுத்தி வைத்திருந்தார். அதனால் பக்கவாட்டு ஜன்னல்களில் கண்ணாடி நகரும் கீழ்த் தடங்கள், அதாவது சேனல்கள், அரித்துப் போயிருக்கின்றன. கண்ணாடியின் ஓரத்தில் வரும் ரப்பர் பட்டையான பீடிங் கல்லைப் போல் இறுகி வெடித்திருக்கிறது. இவற்றை மாற்றுவது பெரிய காரியமல்ல. ஆனால் கண்ணாடிகளைக் கழற்றிப் பார்த்தபோது, அவற்றில் சில வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி என்பதும், அவற்றின் விளிம்புகள் தேய்க்கப்படாமல் கத்திபோல இருப்பதும் தெரிய வந்தன.

எல்லாப் பக்கக் கண்ணாடிகளையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பட்டறைக்காரர், 5 மி.மீ. சாதாரணக் கண்ணாடியை இன்றைக்கே அறுத்துப் பொருத்திவிடலாம் என்றும், டஃபண்ட் எனப்படும் வலுவேற்றிய கண்ணாடி வேண்டுமென்றால் அளவெடுத்து வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பலகை எழுதும் கடை வைத்திருக்கும் உறவினர், அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் தகடு எடை குறைவு, எளிதில் உடையாது, தாமே வெட்டித் தருவதாகச் சொல்கிறார். நண்பர் ஒருவரோ இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டைத் தவிர வேறெதையும் நினைக்காதே என்கிறார்.

எனக்குப் பிள்ளைகளின் பாதுகாப்பு முதலாவது. கடற்காற்றையும் வெயிலையும் தாங்கி நீண்ட நாள் உழைப்பது இரண்டாவது. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்க்கும்போது சிக்கல் வரக்கூடாது என்பது மூன்றாவது. விலையையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனாலும் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வில்லியனூர் ஓய்வுபெற்ற பாடி பொறியாளர் எழுதியது:

வணக்கம். உங்களுக்கு யோசனை சொன்ன மூவருமே எது உடையும், எது உடையாது என்ற கணக்கிலேயே பேசியிருக்கிறார்கள். வாகனத்தின் ஜன்னலில் அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு: உடையும்போது அது எந்த வடிவத்தில் உடைகிறது? உள்ளே இருப்பவர் அதன் வழியாக வெளியேற வேண்டிய நிலை வந்தால் அது இடம் கொடுக்குமா? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்கள் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

சாதாரணக் கண்ணாடி முதலில் கழியும். அது உடைந்தால் நீளமான கூர் துண்டுகளாகப் பிளக்கும்; சட்டத்தில் மிஞ்சி நிற்கும் துண்டு, சாய்ந்து விழும் பிள்ளையின் கழுத்து உயரத்தில் இருக்கும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பட்டறையில் ஒரு நாள் மிச்சமாகிறது என்பதற்காக இதைப் பொருத்தித் தருகிறவர்களை நான் பணியில் இருந்த காலத்திலும் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

டஃபண்ட் கண்ணாடி என்பது அதே கண்ணாடியை அளவுக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து, 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிர வைப்பதால் கிடைப்பது. மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்க முயலும்போது மேற்பரப்பை உள்ளே இழுத்து அழுத்தத்தில் வைக்கிறது. மேற்பரப்பு ஏற்கெனவே அழுத்தத்தில் இருப்பதால் சிறு கீறல் விரிசலாக ஓடுவதில்லை. சாதாரணக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ நான்கைந்து மடங்கு வலிமை வந்துவிடுகிறது. மீறி உடைந்தால், உள்ளே தேங்கியிருந்த விசை முழுவதும் ஒரே நேரத்தில் விடுபட்டு, முழுக் கண்ணாடியும் மழுங்கலான சிறு துண்டுகளாக உதிர்கிறது. ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை எண் 43 இதை உடைத்தே சோதிக்கிறது: உடைந்த கண்ணாடியில் 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை எடுத்து எண்ணினால் குறைந்தது 40 துண்டுகளாவது இருக்க வேண்டும். துண்டு பெரிதாக இருந்தால் சூட்டுவேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

முன் கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் நெகிழிப் படலத்தை, பெரும்பாலும் 0.76 மி.மீ. தடிமனில், வைத்து ஒட்டியது லேமினேட்டட் கண்ணாடி. கல் பட்டால் சிலந்தி வலைபோல விரிசல் விடுமே தவிர, துண்டுகள் படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஓட்டுநருக்கு ஓரளவாவது சாலை தெரியும். உள்ளிருப்பவர் வெளியே வீசப்படுவதும் தடுக்கப்படும். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் 1909இல் இத்தகைய கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஆய்வகத்தில் கீழே விழுந்த குடுவை ஒன்று, உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காரணமாகச் சிதறாமல் நின்றதுதான் இதற்கு வித்து என்று சொல்வார்கள். நம் நாட்டில் கார், பேருந்து ஆகியவற்றின் முன் கண்ணாடி லேமினேட்டட் வகையாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் முன் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கக் கண்ணாடியில் கைவைத்தவர்கள் அதையும் விட்டுவைத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

அக்ரிலிக், பெயர்ப்பலகைக்கும் மீன் தொட்டிக்கும் நல்ல பொருள். வெயிலில் மஞ்சளிப்பதும் குறைவு. ஆனால் ஓங்கி அடித்தால் கூர் முனைகளோடு பிளக்கும். தீப்பிடித்தால் நன்றாக எரியும். மத்திய மோட்டார் வாகன விதி 100, ஜன்னல்களில் பாதுகாப்புக் கண்ணாடிதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கும், துணிக்கூரையும் பக்கத்திரையும் உள்ள வண்டிகளுக்கும் மட்டுமே அக்ரிலிக் அல்லது ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டுக்கு இடம் தருகிறது. உங்கள் சிற்றுந்து அந்த விலக்குக்குள் வராது. உறவினரிடம் பெயர்ப்பலகையை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் 5 மி.மீ. டஃபண்ட், முன்னால் லேமினேட்டட் என்பதே என் கருத்து. ஒன்றை மறக்க வேண்டாம்: டஃபண்ட் செய்தபின் கண்ணாடியை அறுக்கவோ துளையிடவோ முடியாது, முயன்றால் கையிலேயே உதிர்ந்துவிடும். நகரும் ஜன்னலின் பூட்டுக்கும் கைப்பிடிக்கும் துளை எங்கே, வெட்டு எங்கே, மூலைகள் எவ்வளவு வளைவு என்பதையெல்லாம் அளவு கொடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். புதிய சேனலைப் பொருத்தி முடித்து, அதற்கேற்ப ஒட்டுப்பலகையில் மாதிரி வெட்டி, ஒவ்வொரு ஜன்னலிலும் ஓட்டிப் பார்த்த பிறகு அனுப்புங்கள். பழைய வண்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்று கருதி ஒரு பக்கத்தை மட்டும் அளப்பது வேண்டாம்.

நெல்லிக்குப்பம் கரும்பு விவசாயி எழுதியது:

பொறியாளர் ஐயா பாலிகார்பனேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தப் பொருளோடு பழகியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் கரும்பு அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர் அறையில் கல்லும் கட்டையும் தெறிக்கும் பக்கத்துக்கு அதைத்தான் போட்டிருக்கிறோம். கண்ணாடியாக இருந்தால் சில்லுச் சில்லாகப் போயிருக்கும் அடிகளை அது வாங்கிக்கொண்டு நிற்கிறது. எடையும் பாதிக்குக் குறைவு: சதுர மீட்டருக்கு 5 மி.மீ. கண்ணாடி பன்னிரண்டரை கிலோ என்றால், அதே தடிமன் பாலிகார்பனேட் ஆறு கிலோதான். அடியைத் தாங்குவது மட்டுமே கேள்வி என்றால் இதற்கு நிகர் கிடையாது.

அப்படியிருந்தும் வேனுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. இது மிகவும் மென்மையான பொருள். புழுதி படிந்த தகட்டை உலர்ந்த துணியால் துடைத்தாலே கீறல் விழும்; வைப்பர் ஓடும் இடத்தில் சீக்கிரமே மங்கிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரால் மஞ்சளித்து நொறுங்கும் தன்மையும் வரும். மேற்பரப்பில் கடினப் பூச்சும் கதிர்த் தடுப்புப் பூச்சும் உள்ள தகடு வேறு, கூரைக்குப் போடும் தகடு வேறு. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். சில தகடுகளில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கதிர்த் தடுப்பு இருக்கும், அந்தப் பக்கம் வெளியே இருக்கும்படி பொருத்தாவிட்டால் கொடுத்த காசு வீண். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், தின்னர், பெட்ரோல் ஆகியவை பட்டால் நுண்விரிசல் ஓடும். மென்மையூட்டி கலந்த பி.வி.சி. பீடிங்கோடு நெருங்கியிருந்தாலும் விளிம்பில் வெடிப்பு வரும்; அதற்கு வெயிலையும் மழையையும் தாங்கும் செயற்கை ரப்பரான ஈ.பி.டி.எம்.தான் ஒத்துவரும்.

இன்னொன்று, வெப்பத்தில் அது நீளும். ஒரு மீட்டர் தகடு 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும், கண்ணாடி கால் மி.மீ. அளவுதான் நீளும். அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் வண்டியில், கண்ணாடிக்கென்று செய்த சேனலுக்குள் இதை இறுக்கமாகச் செருகினால் வளைந்து சிக்கிக்கொள்ளும், ஜன்னல் நகராது. எங்கள் இயந்திரத்தில் அது நகராத தகடு. துளைகளைத் திருகாணியைவிடப் பெரிதாக விட்டுப் பொருத்தியிருக்கிறோம். வயலில் ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்துக்கும் பிள்ளைகள் நிறைந்த வண்டிக்கும் தேவை ஒன்றல்ல. உங்கள் நண்பர் சொன்ன பெருமையெல்லாம் உண்மைதான், இடம்தான் வேறு.

மஞ்சக்குப்பம் வேன்காரர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டஃபண்ட் என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. கடைக்காரர் டஃபண்ட் என்று சொல்லிக் கொடுப்பது உண்மையிலேயே டஃபண்ட்தான் என்பதை உடைக்காமல் எப்படி அறிவது? மதிய வெயில் மேற்குப் பக்க இருக்கைகளில் நேராக அடிக்கிறது. அதற்குச் சன் ஃபிலிம் ஒட்டலாமா?

திருப்பாதிரிப்புலியூர் கண்ணாடி பொருத்துநர் எழுதியது:

வணக்கம். முதல் கேள்விக்கு: கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்க வேண்டும். அதில் தயாரிப்பாளரின் பெயரும், டஃபண்ட் அல்லது லேமினேட்டட் என்ற சொல்லும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும், ஐ.எஸ்.ஐ. குறியும் உரிம எண்ணும் இருக்கும். அந்தத் தரத்தின் பகுதி 2தான் சாலை வாகனங்களுக்கு உரியது. பகுதி 1 கட்டடங்களுக்கானது. கடைகளில் கிடைக்கும் டஃபண்ட் பெரும்பாலும் கட்டட வேலைக்குச் செய்ததாக இருப்பதால், வாகனத்துக்கு என்பதை ஆணை கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லுங்கள். முத்திரை ஒட்டுத்தாளாக இருந்தால் ஏற்க வேண்டாம். நகத்தால் சுரண்டினால் வரக்கூடாது. கூடுதல் சோதனையாக, போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி அணிந்துகொண்டு சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், டஃபண்ட் கண்ணாடியில் வரிசையாக மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். காற்றைப் பீய்ச்சிக் குளிர்வித்த தடம் அது. சாதாரணக் கண்ணாடியில் அவை தெரியாது.

சன் ஃபிலிம் பற்றி: விதி 100இன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எந்த அளவிலான ஃபிலிமையும் கண்ணாடியின் மேல் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் பாதுகாப்புப் படலத்தோடு கூடிய கண்ணாடிக்கு இடம் தந்தது. அதன் அடிப்படையில் 2024இல் கேரள உயர் நீதிமன்றம், ஒளி அளவுக்கு உட்பட்ட படலம் ஒட்டிய வண்டிகளுக்கு அபராதம் விதிக்க முடியாது என்றது. ஆனாலும் நடுச்சாலையில் நின்று இந்த வரலாற்றை விளக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கணக்கும் ஏமாற்றும்: 80 விழுக்காடு ஒளி விடும் கண்ணாடியில் 60 விழுக்காடு ஒளி விடும் ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 48தான், பக்க அளவுக்கே கீழே போய்விடும். எனவே வெயிலுக்கு ஆலையிலேயே பச்சைச் சாயல் கொடுத்த டஃபண்ட் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். சாயல் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் உரிவதும் குமிழ் விடுவதும் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடலோர வண்டிகளில் கண்ணாடி கெடுவதைவிட, கண்ணாடியைப் பிடித்திருப்பவை கெடுவதே அதிகம். கீழ்ச் சேனலில் உப்பும் மணலும் மழைநீரும் சேர்ந்து சகதியாகத் தங்கினால், அலுமினியம் வெண்ணிறப் பொடியாக அரிக்கும். பொடி வீங்கிக் கண்ணாடியின் விளிம்பை நெருக்கும். டஃபண்டுக்கு விளிம்புதான் பலவீனமான இடம். முகப்பில் கல்லடியைத் தாங்கும் கண்ணாடி, விளிம்பில் திருகாணித் தலை உரசினால் ஒரு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது உதிர்ந்துவிடும். பழுது கண்ணாடியில் என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போடுகிறவர்கள், அதே இடத்தில் அதுவும் உடைந்தபின்தான் சேனலைப் பார்க்கிறார்கள்.

அதனால் அனோடைஸ் செய்த, அதாவது அரிப்பைத் தடுக்கும் ஆக்சைடு படலம் ஏற்றிய, அலுமினியச் சேனலைப் போடுங்கள். அதன் அடியில் நீர் வடியும் துளைகளை விடச் சொல்லுங்கள். வண்டியைக் கழுவும்போது நல்ல தண்ணீரைச் சேனலுக்குள் பீய்ச்சி அந்தத் துளைகள் அடைபடாமல் பாருங்கள். அலுமினியத்தில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால், உப்பு ஈரத்தில் அவை ஒன்றையொன்று தின்னும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் இடையில் நைலான் வாஷரும் இருக்கட்டும். பீடிங் ஈ.பி.டி.எம். வகையாக இருந்தால் வெயிலில் எளிதில் வெடிக்காது. முன் கண்ணாடியின் ஓரத்தில் கசிவை அடைக்க, புளித்த காடி வாடை வரும் சிலிக்கானைப் பட்டறையில் எடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலிருந்து வெளிப்படும் அசிட்டிக் அமிலம் இரும்புச் சட்டத்தையும் அரிக்கும், லேமினேட்டட் கண்ணாடியின் நடுப்படலத்தையும் ஓரத்திலிருந்து கெடுக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகை என்று கேட்டால் கிடைக்கும். நம்மூர் வண்டிகளின் முன் கண்ணாடி ஓரங்களில் பால்போல வெண்மை படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தின் வழியே ஈரம் உள்ளே இறங்கியதன் அடையாளம் அது. அது வந்தபின் எதைத் தடவினாலும் போகாது.

வில்லியனூர் ஓய்வுபெற்ற பாடி பொறியாளர் எழுதியது:

நெல்லிக்குப்பம் நண்பர் பாலிகார்பனேட்டைப் பற்றி நேர்மையாக எழுதியிருக்கிறார். அவர் தொட்டுவிட்டுப் போன ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். உடையாத தகடு என்பது வெளியேற முடியாத தகடும்கூட. வண்டி கவிழ்ந்து கதவு அடைபட்டாலோ, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது நாம் பார்த்ததுபோல் நீர் சூழ்ந்து வெளியழுத்தம் கதவைத் திறக்க விடாமல் செய்தாலோ, கண்ணாடியை உடைப்பதுதான் வழி. அவசரத்துக்கு வண்டியில் வைக்கும் கூர்முனைச் சுத்தியல் டஃபண்ட் கண்ணாடியை உதிர்க்கும். லேமினேட்டட் விரிசல் விட்டு அப்படியே நிற்கும். பாலிகார்பனேட்டில் எகிறித் திரும்பும். கண்ணாடியில் தடித்த படலம் ஒட்டியிருந்தால் டஃபண்டும் உடைந்து உதிராமல் தொங்கும், அதைத் தள்ளி விலக்க வேண்டியிருக்கும். ஃபிலிமைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளி வாகனம் என்பதால், பிள்ளைகள் தலையையோ கையையோ நீட்டாமல் இருக்கப் பக்க ஜன்னல்களுக்குக் குறுக்குக் கம்பி தேவை. கம்பி இருக்கும்போது பக்கக் கண்ணாடியை உடைத்தாலும் யாரும் வெளியே வர முடியாது. எனவே அவசர கதவும் பின் கண்ணாடியும்தான் உங்களுக்கு மிச்சம் இருக்கும் வழிகள். பின் கண்ணாடி கட்டாயம் படலம் இல்லாத டஃபண்டாக இருக்கட்டும். அதன் குறுக்கே கம்பியோ, சாமான் வைக்கும் தட்டோ, ஸ்பீக்கர் பெட்டியோ வேண்டாம். சுத்தியல்களில் ஒன்றை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்திலும், இன்னொன்றைப் பின் இருக்கை அருகிலும் மாட்டுங்கள். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும்; மூலையை ஒட்டி, விளிம்பிலிருந்து சில விரற்கடை உள்ளே அடிக்க வேண்டும் என்பதை ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் காட்டிக் கொடுங்கள். உங்களிடம் கழற்றிய பழைய கண்ணாடிகளில் டஃபண்ட் ஏதேனும் இருந்தால், சாக்கில் சுற்றி வைத்து, கண்காப்பு அணிந்து, ஒன்றை அவர்களையே உடைக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. ஆணை கொடுக்கும்போது, அதிக ஜன்னல்களுக்குப் பொதுவாக வரும் அளவில் உபரியாக ஒரு கண்ணாடியும், பின் கண்ணாடிக்கு ஒன்றும் சேர்த்துச் செய்து வாங்கி வையுங்கள். பள்ளி நாளில் ஒன்று உதிர்ந்துவிட்டால் டஃபண்ட் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல், பட்டறையில் சாதாரணக் கண்ணாடியை அறுத்துப் போடும் பழக்கம் அப்படித்தான் தொடங்குகிறது. உபரிக் கண்ணாடியைத் தரையில் நேராக நிறுத்தாமல், அடியில் ரப்பரோ மரக்கட்டையோ கொடுத்து, விளிம்பு எங்கும் இடிபடாதபடி சாய்த்து வைக்கவும்.